மழை நாள் கணக்கு

இருபது நாளாய் மழையில்லை.
மழை பெய்தால்தான் எங்கள் பக்கம் எண்ணெய் காயும்,
மாவு பிசைவார்கள், ரொட்டி பொரிப்பார்கள்.
வெயிலில் விற்றால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.
ஏனென்று கேட்டால்
உருகுவே முழுக்கத் தோளைக் குலுக்கும்.

இன்று விடியலில் தகரக் கூரை தடதடத்தது.
குதிரையிலிருந்து குதித்த நசரேனோ
வணக்கம் சொல்லவில்லை.
"டீச்சர், கடல்!" என்றான்.

சொல்லிவிடுகிறேன்:
ஒன்பது பிள்ளைகள், ஒரே அறை.
முதல் வகுப்பு ஜன்னலோரம்,
ஆறாம் வகுப்பு அடுப்போரம்,
நடுவில் நான், சுண்ணாம்புக் கையோடு.
ஒருவரும் கடல் பார்த்ததில்லை.
நகராட்சி பேருந்து தரும், டீசல் தராது.
டீசலுக்குப் பன்னிரண்டாயிரம் பெசோ.
ரொட்டி ஒன்று முப்பது.
நானூறு ரொட்டி தூரத்தில் இருக்கிறது
அட்லாண்டிக் சமுத்திரம்.

முந்நூற்றுப் பத்து விற்றாயிற்று.
மீதித் தொண்ணூறுக்காக
இருபது நாள் வானம் பார்த்தோம்.

காலையில் சொல்வதெழுதுதல்.
எங்கள் மொழியில் வணக்கமும் அலையும்
காதுக்கு ஒன்றுதான்: ஓலா.
வணக்கத்துக்கு முன்னால் மட்டும்
ஓர் ஊமை எழுத்து நிற்கும்.
குட்டி எலிசேயோ
அலைக்கு முன்னாலும் அதை நிறுத்தியிருந்தான்.
சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
மூடினேன்.
வியாழன் கழித்துத் திருத்திக்கொள்ளலாம்.

பிறகு வரைபடம்.
ஒரு சென்டிமீட்டர் ஐம்பது கிலோமீட்டர் என்றேன்.
அளவுகோலை வைத்துப் பார்த்த இயாரா
இடுப்பில் கை வைத்தாள்:
"எட்டு சென்டிமீட்டருக்கா
ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பணும்?"
யமாந்துவின் சந்தேகம் வேறு:
கடலில் இறங்கும்போது
வெள்ளை அங்கியும் நீல நாடாவும்
போட்டிருக்க வேண்டுமா?
பள்ளி நேரம்தானே அது?

பதினொரு மணிக்கு அடுப்பு.
ப்ரிஸ்கா மாவை வட்டமாய்த் தட்ட
நடுவில் ஓட்டை போட்டது இரண்டாம் வகுப்பு.
வட்டம், மையம், ஆரம்:
பாடத்திட்டத்தில் எழுதிக்கொண்டேன்,
அதிகாரி வந்தால் காட்ட.
சாலை முக்கில் தார்ப்பாய் கட்டி
பால் லாரிகளை நிறுத்தினோம்.
மரம் ஏற்றிப் போனவர்கள், கால்நடை மருத்துவர்,
வழி தவறி வந்த ஒரு சைக்கிள்காரர்கூட
ஆறு வாங்கினார்.

நான்கு மணிக்குக் கரும்பலகையில் தணிக்கை.
இயாரா கூட்டினாள்.
அழித்துவிட்டு மறுபடி கூட்டினாள்.
"பொரித்தது தொண்ணூறு.
காசு வந்தது எண்பத்தெட்டுக்கு.
அறுபது பெசோ இடிக்குது."

அறை அமைதியானது.
எலிசேயோவின் கை மெல்ல உயர்ந்தது.
லாரி நாய் நனைந்திருந்ததாம்.
அது கேட்கவில்லை, இவன்தான் கொடுத்தானாம்.

"இன்னொன்று?"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்க்க
எலிசேயோ மட்டும் என்னையே பார்த்தான்.
"டீச்சர், உங்க மீசையில சர்க்கரை."

முப்பது பெசோவை மேசையில் வைத்தேன்.
இரக்கமில்லாத இயாரா
ரசீது எழுதிக் கொடுத்தாள்.
அடுத்த வரியில்:
எலிசேயோ, முப்பது, அடுத்த மழைக்குள்.

அதன் கீழே வரும் வாரத்தை எழுதினோம்.
திங்கள், ஏழாம் வாய்ப்பாடு.
செவ்வாய், கையெழுத்திட்ட அனுமதிக் கடிதங்கள்
(நசரேனோவின் அப்பா இன்னும் சரியென்று சொல்லவில்லை;
பெண்குதிரை குட்டி போடும் வாரமாம்.
அவன் ஒரு காலி ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து
என் அலமாரியில் வைத்திருக்கிறான்.
எதற்கென்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை).
புதன், சீக்கிரம் தூங்க வேண்டும்.
வியாழன் என்று எழுதி
எதிரே எதுவும் எழுதாமல் விட்டோம்.

குதிரைகள் சேற்றில் போய் மறைந்த பின்
பலகையைத் துடைக்கப் போனேன், துடைக்கவில்லை.
மழை விட்டிருந்தது.
முப்பது பெசோ கடன் இருக்கிறது எங்களுக்கு.
புதனுக்குள் ஒரு தூறலாவது வேண்டும்.
வியாழன் மட்டும் வேண்டாம்.